கருமாதி ஆன மாப்பிள்ளை

செத்துப்போனவன் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றால் கூடப்பிறந்தவன் என்ன செய்வான்? ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவான் என்றுதானே நினைப்பீர்கள். துலுக்காணம் அப்படியெல்லாம் செய்யவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் வாளியைப் போட்டுவிட்டு நாலடி பின்னால் போனான். பிறகு குனிந்து தம்பியின் காலைப் பார்த்தான். கால் தரையில்தான் பட்டிருந்தது. பூட்ஸ் போட்ட கால். அதற்கப்புறம்தான் அவனுக்குப் பேச்சே வந்தது.

"டேய், ஏழுமலையாடா? உசுரோடவா கீறே?"

"பின்ன இன்னாண்ணா, செத்தவனா பஸ் ஏறி வருவான்?"

"அடப்பாவி, உனக்குக் கருமாதி பண்ணி முடிச்சிட்டமேடா!"

ஏழுமலை செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது என்கிற சங்கதி ஏழுமலைக்கே இப்படித்தான் தெரியவந்தது. அது அறுபதாம் வருஷம், தை மாசம். நகரிக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் எல்லைப் பேச்சுதான். சித்திரை பிறக்கும் முன்னே கோடு மாறப்போகிறது, பக்கத்து ஊர் மெட்ராஸுக்கு, நம்ம ஊர் ஆந்திராவிலேயே என்று டீக்கடையில் நாக்கு வறளப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சையெல்லாம் ஒரு மணி நேரத்தில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது இந்தப் பேச்சு. செத்தவன் வந்துட்டானாம், தொப்பி போட்டுக்கினு வந்துட்டானாம் என்று ஊரே துலுக்காணம் வீட்டு முன்னால் கூடிவிட்டது.

நடந்தது இதுதான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், வானம் பொய்த்துக் கிணறு வற்றின ஒரு கோடையில், ஏழுமலை மெட்ராஸுக்குப் போனான். ஹார்பரில் ஒரு சாரங்கு, அதாவது கப்பல் கூலிகளுக்கு மேஸ்திரி, பாய்லருக்குக் கரி அள்ளிப்போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். ஏறிவிட்டான். அதற்கப்புறம் சேதி இல்லை. சண்டை வந்த காலத்தில், நாற்பத்திரண்டில், அதே ஹார்பரில் வேலை பார்த்த சூளூர்பேட்டைக்காரன் ஒருத்தன் தேடிக்கொண்டு வந்து சொன்னான்: "அந்தக் கப்பல் நடுக்கடல்ல குண்டு பட்டு முழுகிடுச்சு. ஒரு ஆளும் மிஞ்சல." உடம்பு கிடைக்காத சாவுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தான் துலுக்காணம். தர்ப்பையில் ஆள் மாதிரி பொம்மை பிடித்து, அதைத் தூக்கிப்போய் எரித்து, பிண்டம் வைத்து, தலையை மொட்டை போட்டுக்கொண்டான். தம்பி அந்தக் கப்பலை விட்டு மூணு வருஷம் முன்னாலேயே அமெரிக்காவில் இறங்கி ஓடிவிட்டான் என்று சூளூர்பேட்டைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி ரத்தினம்மா ஒருபாட்டம் அழுதாள், ஒருபாட்டம் சிரித்தாள். ஏழுமலை எல்லா முகத்தையும் பார்த்தான். தேடின முகம், கட்டினவள் முகம், அதில் இல்லை.

"செங்கம்மா எங்க அண்ணி?"

ரத்தினம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். துலுக்காணம்தான் சொன்னான். "அவ புத்தூர்ல கீறாடா. தாலி அறுத்ததுக்கு அப்புறம் நாலு வருஷம் இங்கதான் இருந்தா. அப்பறம் இருக்கல."

ஏன் இருக்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. காலையில் எதிரே வராதே, பொண்ணு பார்க்க வர்ற நாளில் உள்ளே இரு, மஞ்சள் அரைக்கிற இடத்தில் நிற்காதே. இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று ரத்தினம்மாவின் குனிந்த தலையே சொல்லிவிட்டது.

ஏழுமலை வந்தது அவளுக்காக. மண்ணுக்காக இல்லை, அண்ணனுக்காகக்கூட இல்லை. அமெரிக்காவில் இருந்தபோது ஊர் என்று அவன் நினைத்ததெல்லாம் அவள் முகத்தைத்தான். அதுவும் இப்போது அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. திரும்பிப் போக வைகாசியில் கப்பல் டிக்கெட் வைத்திருந்தான். அவள் சேர்ந்து வாழ ஒத்துக்கொண்டால் அதைக் கிழித்துப்போடுவது, ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏறிப்போய் அங்கேயே சாவது. இரண்டில் ஒன்று என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் புறப்பட்டிருந்தான்.

ஆனால் நடுவில் ஒரு சங்கடம் முளைத்தது. துலுக்காணம் மறுநாளே திருப்பதிக்கு ஓடி, சாஸ்திரம் தெரிந்த ஒரு பந்துலுவை, தெலுங்குப் புரோகிதரை, கேட்டுவிட்டு வந்தான். உயிரோடு இருக்கிறவனுக்குப் பிண்டம் வைத்த பாவம் தன் தலையில் என்று அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

"கருமாதி ஆனவன் அப்டியே ஊட்டுக்குள்ள வரக்கூடாதாம். திரும்பப் பொறக்கணுமாம்."

"இன்னாது?"

"பொறக்கணும்டா. கொழந்தை மாதிரி குளிப்பாட்டி, மடியில போட்டு, பேரு வெச்சி, எல்லாம் மொதல்லருந்து. அப்பறம் கட்டின பொண்டாட்டிக்கே திரும்பத் தாலி கட்டணும். அப்பதான் அவ உனக்குப் பொண்டாட்டி. பழைய கட்டு அறுத்தது அறுத்ததுதான்."

"கட்டிட்டாப் போச்சு."

துலுக்காணம் தலையைச் சொறிந்தான். "அவ உக்காந்தா கட்டலாம்."

இதற்கு நடுவில் சித்தூர் போய் போலீஸ் ஆபீஸில் பெயர் பதிய வேண்டியிருந்தது. ஏழுமலை கையில் இருந்தது அமெரிக்கா பாஸ்போர்ட். பிறந்த ஜில்லாவிலேயே அவன் வெளிநாட்டான். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "நீங்க பிறந்தப்போ மெட்ராஸ் பிரெசிடென்சி. நீங்க இல்லாதப்போ ஆந்திரா ராஷ்ட்ரம் ஆச்சு, அப்புறம் ஆந்திர பிரதேஷ். வர்ற பங்குனியில பாதி தாலூக்கா மறுபடி அந்தப் பக்கம் போகுது. நாங்க இருந்த இடத்துலயே இருந்து இத்தனை மாறிட்டோம், மீரு எந்துகய்யா, எதுக்காக அவ்வளவு தூரம் போனீங்க?" என்று சிரித்தார். ஏழுமலையும் சிரித்து வைத்தான். மனசெல்லாம் புத்தூரில் இருந்தது.

புத்தூர் என்றாலே எலும்பு முறிவுக் கட்டு. கை ஒடிந்தவன், கால் ஒடிந்தவன், மாமரத்திலிருந்து விழுந்தவன், வண்டி கவிழ்ந்தவன் என்று நாலு ஜில்லா ஜனமும் வைத்தியரிடம் கட்டுப்போட வந்துகொண்டே இருக்கும். அந்தச் சனத்துக்குத்தான் செங்கம்மா இட்லிக்கடை வைத்திருந்தாள். கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய அடுப்பு. வலது கையில் கட்டுப் போட்டவன் எப்படித் தின்பான்? அவள் கடையில் இட்லியைப் பிசைந்து, சாம்பார் ஊற்றி, கரண்டி போட்டுக் கொடுப்பாள். இரண்டு கையும் கட்டு என்றால் ஊட்டியும் விடுவாள். அதனால் பக்கத்தில் நாலு கடை இருந்தும் கூட்டம் இங்கேதான்.

ஏழுமலை போய் பெஞ்சில் உட்கார்ந்தான். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும், சந்தேகமே இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்தலையில் நரை, உள்ளங்கையில் சூட்டுத் தழும்பு, குரல் மட்டும் அதே குரல்.

"வாங்க. இட்லியா, தோசையா?"

வாங்கவாம்! இருபத்துமூணு வருஷம் கழித்து வந்த புருஷனை, எவனோ ரேணிகுண்டாவிலிருந்து கால் ஒடிந்து வந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். "இட்லி" என்றான். தின்றான். காசை வைத்துவிட்டு எழுந்து போனான். ஆனால் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான்.

அவளிடம் பேச வாய் வராதவன், கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சனத்திடம் பேசினான். அவர்களுக்கு வேறு வேலை என்ன? "அமெரிக்காவுல இன்னா துன்னுவாங்க?" என்று ஒருத்தன் ஆரம்பித்துவைத்தான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பாய்லர் அறையின் சூடு, கரி அள்ளி அள்ளி மயங்கி விழுந்தவனைக் கயிறு கட்டி மேலே தூக்கினது, சாரங்கின் பெல்ட் அடி, நியூயார்க் துறைமுகத்தில் ஒரு பனிக்காலத்தில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினவன் திரும்பி ஏறாமல் நடந்தது. வங்காளத்துக்காரன் ஒருத்தன், அவனும் கப்பலிலிருந்து ஓடினவன்தான், நடத்தின சோத்துக்கடையில் ஒளிந்துகொண்டு பாத்திரம் தேய்த்தது. போலீஸ்காரன் தலை தெரிந்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

"அப்பறம் சண்டை வந்துடுச்சு. ஓடிவந்தவனா இருந்தாலும் பரவால்ல, பட்டாளத்துல சேருன்னாங்க. என்னை வெள்ளக்காரன் பட்டாளத்துல சேக்கறதா, கறுப்பன் பட்டாளத்துல சேக்கறதான்னு அவனுங்களுக்கே புரியல. ஒருத்தன் என் கையப் பாக்கறான், ஒருத்தன் என் முடியப் பாக்கறான். கடைசில கறுப்பங்ககூடப் போட்டாங்க. நல்ல மனுசங்க. சிரிச்சிக்கினே இருப்பாங்க."

"எங்க சண்டை?"

"இத்தாலின்னு ஒரு தேசம். நம்ம திருமலை மாதிரி மலை மேல மலை. நடுவுல ஆறு. நாங்க பாலம் கட்டுவோம், ஜெர்மன்காரன் ஒடைப்பான், திரும்பக் கட்டுவோம். அங்கதான் இந்தக் காது போச்சு." வலது காதைத் தொட்டுக் காட்டினான். "குண்டு பக்கத்துல விழுந்தது. என்கூட கயிறு புடிச்சிக்கினு இருந்தவன் இல்ல. நான் இருந்தேன்."

சனம் உச்சுக்கொட்டியது. கை ஒடிந்தவன் வலியை மறந்து "அப்பறம்?" என்றான். கேட்க வேண்டியவள் மட்டும் கேட்கவில்லை. மாவு கரைத்தாள், இட்லி எடுத்தாள், இலை போட்டாள். ஆனால் அவன் பேசுகிறபோது அவள் கரண்டிச் சத்தம் குறைந்ததை ஏழுமலையின் நல்ல காது கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் கலைந்த நேரத்தில், அவளே எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் வந்துட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை திருப்பதியில நாள் குறிச்சிருக்காராம். நான் வந்து உக்காரணுமாம்."

"ஆமா."

"அதுக்கு முன்ன நான் கேக்கணும். அங்க யாரும் இல்லியா?"

ஏழுமலைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருந்தா ஒருத்தி. சண்டை முடிஞ்சப்பறம், நாலு வருஷம். அவளே போய்ட்டா."

இடி விழும் என்று பார்த்தான். விழவில்லை. "ஆம்பள, இருந்திருப்பே" என்றாள், ஏதோ சாம்பாருக்கு உப்பு குறைந்த மாதிரி. "சண்டை முடிஞ்சி இத்தினி வருஷம் ஆச்சே. ஏன் வரல?"

"மொதல்ல அங்க குடியுரிமை குடுக்கட்டும்னு இருந்தேன். குடுத்தாங்க. அப்பறம் வெறுங்கையோட எப்டி வர்றதுன்னு இருந்தேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு." பிறகு உண்மையைச் சொன்னான். "பயம்மே. வந்தா யாரு செத்தாங்க, யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். வராத வரைக்கும் எல்லாரும் உசுரோட இருக்கிற மாதிரியே இருந்தது."

அவள் அதையும் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் முக்கியமானதைக் கேட்டாள்.

"என் கடைக்குப் பட்டாளத்துக்காரனுங்க நெறைய வருவாங்க. வேலூரு, குடியாத்தம், சித்தூரு. அவங்க பொண்டாட்டிங்களும் வருவாங்க. பட்டாளத்துல சேர்றப்போ ஒரு பேரு கேப்பாங்களாமே. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு. வெள்ளக்காரன் பட்டாளத்துலயும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"நீ யாரு பேரைக் குடுத்தே?"

கேளுங்கள், இந்தக் கேள்விக்காகத்தான் ஏழுமலை காத்துக்கொண்டிருந்தான். அவள் மேல் தனக்கு எவ்வளவு ஆசை என்று காட்ட அவனிடம் ஒன்றே ஒன்று இருந்தது. நகை இல்லை, பட்டு இல்லை, இதுதான். அத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கிற மாதிரி, முகமெல்லாம் மலரச் சொன்னான்.

"யாரு பேரையும் குடுக்கல. எனக்கு யாருமே இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் பார்த்தாள்.

"ஏன்னு கேளு. நான் சின்னப் பையனா இருந்தப்போ நம்ம தெருவுல கோவர்த்தனன் ஊட்டுக்குத் தந்தி வந்துதே, மொத சண்டையில, அவங்க அண்ணன் செத்ததுக்கு. தந்திக்காரன் சைக்கிள விட்டு எறங்கறதுக்குள்ள அந்த அண்ணன் பொண்டாட்டிக்கு வளையல உடைச்சாங்க. அது கத்தின கத்து இன்னும் கேக்குது எனக்கு. அந்த ஆபீசரு, 'அம்மா இல்லியா, பொண்டாட்டி இல்லியா, நல்லா யோசிச்சி சொல்லு'ன்னான். யோசிச்சேன். உன் பேரைக் குடுத்தா, நான் செத்தா உனக்குத் தந்தி போவும். குடுக்கலன்னா போவாது. நான் எந்தப் பனியில, எந்த ஆத்துல செத்துக் கெடந்தாலும் உனக்குத் தெரியாது. நீ பூவும் பொட்டுமா, கழுத்துல தாலியோட, கடைசி வரைக்கும் இருப்பே. அதுக்காகத்தான்மே. ஒவ்வொரு தடவ குண்டு விழறப்பவும் அதான் நெனப்பேன். செங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

சொல்லி முடித்துவிட்டு அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தான். அவள் கண் கலங்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்த மாசம்?"

"நாப்பத்திரண்டு. ஐப்பசி, கார்த்திகை இருக்கும்."

"எனக்கு ஆடியில அறுத்தாங்க."

ஏழுமலைக்கு உடனே புரியவில்லை. அவள் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஆடியில அறுத்தாங்க. ஐப்பசியில உன்னாண்ட என் பேரு கேட்டாங்க. குடுத்திருந்தா பட்டாளத்துலருந்து எனக்கு ஒரு காயிதம் வந்திருக்கும். உன் புருஷன் இங்க கீறான்னு. நம்மூரு வாத்தியாரு படிச்சிருப்பாரு. உங்க அண்ணன் அன்னிக்கே திருப்பதிக்கு ஓடியிருப்பாரு. நீ சாவறப்ப வர்ற தந்தியப் பத்தியே நெனச்சியே, உசுரோட இருக்கிறேன்னு ஒரு சேதி வரும்னு உனக்குத் தோணவே இல்லியா?"

அவள் நிறுத்தவில்லை.

"நாலு வருஷம் உங்க அண்ணி என்னை கொல்லையில படுக்க வெச்சாங்க. என் தங்கச்சி கல்யாணத்துக்கு மாட்டுக் கொட்டாயில நின்னு மேளச்சத்தம் மட்டும் கேட்டேன். அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே? எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சந்தோசப்பட்டுக்கினு இருந்தே." அவள் எழுந்துவிட்டாள். "தாலியத்தான் காப்பாத்தணும்னு நெனச்சே. அது இருந்த கழுத்த மறந்துட்டே."

அடுப்பண்டை போய் ஈர விறகை ஊதினாள். ஏழுமலை எழுந்து ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. நல்லது நினைத்தவனுக்கு இதுதான் கூலியா? உயிர் போகிற இடத்தில் நின்றுகொண்டு அவளைத்தானே நினைத்தேன்? ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான். ரேணிகுண்டா வண்டி வந்து போயிற்று. கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தபோது உள்ளே கிடந்தது தெரிந்தது. அந்த ஆபீசர் நல்லா யோசி என்றான். இவன் தன் சாவை யோசித்தான், தாலியை யோசித்தான், ஊர் சனம் என்ன செய்யும் என்று யோசித்தான். அவள் என்ன கேட்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவளைக் கேட்டிருந்தால், சாவோ வாழ்வோ எனக்குச் சொல்லு என்றுதானே சொல்லியிருப்பாள்? கேட்க வேண்டிய ஆளே இல்லை என்று கல்யாணத்திலிருந்து அவளை நடத்திப் பழகிவிட்டது. மெட்ராஸுக்குப் போகட்டுமா என்றுகூட அவளிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போனான், அவ்வளவுதான். வெட்கத்தில் முகம் எரிந்தது. சண்டையில் செத்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கம் தெரிந்திருக்காது என்று தோன்றியது.

மறுநாள் அவன் கடைக்குப் போனபோது கதை எதுவும் சொல்லவில்லை. சனம் கேட்டும் சொல்லவில்லை. புறப்படுகிற நேரத்தில் அவளிடம் போய் நின்றான்.

"நான் பண்ணினது தப்புதான். வெள்ளிக்கிழமை வான்னு கூப்புட எனக்கு வாயில்ல. வந்தா வா."

"வர்றேன். உக்காருவேனா, மாட்டேனான்னு இப்ப கேக்காத" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை திருப்பதியில், மலையடிவாரத்தில் கபிலதீர்த்தத்துக் குளக்கரை மண்டபத்தில் ஏழுமலை பிறந்தான். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! நாற்பத்தாறு வயசு ஆளைக் குளத்தில் முக்கி எடுத்து, ஈர வேட்டியோடு அண்ணன் மடியில் உட்கார வைத்தார்கள். துலுக்காணம் ஒல்லி, இவனோ பாலம் கட்டின உடம்பு. "டேய், தொடை ஒடியுதுடா, புத்தூருக்குப் போவணும் போலக் கீதே" என்று துலுக்காணம் முனகினான். ரத்தினம்மா விரலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு அவன் நாக்கில் வைத்தாள். பந்துலு, தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவர் குழந்தையின் வலது காதில் பெயரைச் சொல்லணும் என்றார். துலுக்காணம் சொன்னான். ஏழுமலைக்கு எங்கே கேட்கும்? "இன்னாது?" என்றான். துலுக்காணம் கத்திச் சொன்னான். அப்பவும் "இன்னாது?" கடைசியில் "ஏழுமலை! ஏழுமலை!" என்று அவன் போட்ட சத்தத்தில், படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சாமியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு "கோவிந்தா!" போட்டார்கள்.

"பொறந்த கொழந்தை அழணுமே, அழலியே" என்று ரத்தினம்மா கிண்டலாக ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். ஏழுமலை நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று தேம்பித் தேம்பி அழுதான். பெல்ட் அடிக்கு அழாதவன், கூட இருந்தவன் இல்லாமல் போனபோது அழாதவன். துலுக்காணம் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதான்.

பந்துலு தொண்டையைச் செருமினார். தாம்பாளத்தில் மஞ்சள் கயிறும் தாலியும் தயாராக இருந்தன. "முகூர்த்தம் தாட்டிபோதோந்தி. அம்மாயினி பிலவண்டி" என்றார், நேரம் தாண்டுகிறது, பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று.

பெண்ணை எங்கே தேடுவது? செங்கம்மா மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால், அறுத்தவள் நிற்க வேண்டிய இடம் என்று பழகிப்போன இடத்தில் நின்றிருந்தாள். காலையிலேயே வந்துவிட்டாள் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முன்னால் வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள், ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"பொறந்து அரை நாழி ஆவல. அதுக்குள்ள கல்யாணமா? புள்ள கொஞ்சம் வளரட்டும் சாமி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பந்துலுவுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது, ஆனாலும் சிரித்துவிட்டார். துலுக்காணத்துக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாம்மா வெளையாட்டு இது? நல்ல நேரம் போய்க்கினு கீது. உக்காரு."

செங்கம்மா சிரிக்கவில்லை. "பதினஞ்சு வயசுல என்னக் கேக்காம கட்டினீங்க மாமா. இருபத்திரண்டுல என்னக் கேக்காம அறுத்தீங்க. இன்னிக்குத்தான் மொதமொதல்ல என்னை ஒரு வார்த்தை கேக்கறீங்க. கேட்டா நான் யோசிக்க வேணாமா?"

ரத்தினம்மா தரையைப் பார்த்தாள். துலுக்காணம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். "அண்ணா, உடு" என்றான் ஏழுமலை. எழுந்து, தாம்பாளத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே எடுத்து மடித்து அண்ணன் கையில் கொடுத்தான்.

"யோசிக்கட்டும்."

"வைகாசியில நீ போவணுமேடா!"

"போவல. அந்த டிக்கெட்டு போனாப் போவுது."

புத்தூர் பஸ் புறப்படுகிற இடம் வரைக்கும் ஏழுமலை அவள் பின்னாலேயே நடந்துவந்தான். வழியெல்லாம் மொட்டைத் தலைகளும் சந்தனமும் கோவிந்தா சத்தமும். வேட்டி இன்னும் காயவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது, மாவு பொங்கிப் போயிருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்றான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இனிமேல் எத்தனை நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தின்பான், அது மட்டும் தெரிந்தது.

கண்டக்டர் விசில் ஊதினான். செங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"யோவ், இந்தப் பக்கம் வா. நல்ல காதக் குடு."

அவன் கிட்டே போனான்.

"நான் உக்காந்தாலும் சரி, உக்காராமப் போனாலும் சரி. இனிமே எங்கியாவது உன்ன ஒரு பேரு கேட்டா, என் பேரைக் குடு. உசுரோட இருந்தாலும் எனக்குச் சொல்லச் சொல்லு, செத்தாலும் எனக்கே மொதல்ல சொல்லச் சொல்லு. நான் அழுதுக்கறேன்."